கல்லுக்கு முன் பதிவேடு: படைவீரர் கல்லறைத் தோட்டங்கள் எப்படி இயங்குகின்றன?

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் மனைவிமார், பிள்ளைகள், உடன் போரிட்ட தோழர்கள் ஏறக்குறைய எல்லோரும் காலமாகிவிட்டார்கள். ஆனாலும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் அந்தக் கல்லறைகளைச் சுற்றிப் புல் இன்றும் சீராக வெட்டப்படுகிறது. எழுத்து தேய்ந்த கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் நடுகிறார்கள். அதற்கு ஆண்டுதோறும் அரசுகள் பணம் ஒதுக்குகின்றன. நூறாண்டுக்கு முன்பு மடிந்த ஒருவருக்காக இவ்வளவும் ஏன் நடக்கிறது, எந்த முறையில் நடக்கிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக இந்தக் கட்டுரை.

படைவீரர் கல்லறைத் தோட்டம் என்றதும் வரிசை வரிசையான வெள்ளைக் கற்கள்தான் நம் கண்முன் வரும். உண்மையில் கல் கடைசியில் வருவது. முதலில் வேண்டியது ஒரு பட்டியல்: இன்னார், இன்ன படைப்பிரிவு, இன்ன நாளில் இறந்தார், இன்ன இடத்தில் புதைக்கப்பட்டார். இந்த விவரங்கள் சரியாக இருந்தால் கல்லை எப்போது வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளலாம். பட்டியல் பிசகினால் எவ்வளவு விலையுயர்ந்த பளிங்கும் பொய் சொல்லும். இந்தத் துறையில் நல்லது நடந்த இடத்திலும் கெட்டது நடந்த இடத்திலும் காரணத்தைத் தேடிப் போனால், கடைசியில் ஒரு பதிவேட்டின் முன்தான் போய் நிற்போம்.

பொதுக்குழியிலிருந்து தனிக் கல்லறைக்கு

சாதாரணப் படைவீரனுக்குத் தனிக் கல்லறை என்பது அப்படியொன்றும் பழைய வழக்கமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் தளபதிகளுக்குச் சிலை எழும். அவர்களுக்காக மடிந்தவர்களைக் களத்திலேயே குழி வெட்டி மொத்தமாகப் புதைத்துவிடுவார்கள். மாற்றம் பெரிய அளவில் தெரிந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது. 1862 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், படைவீரர்களைப் புதைக்க நிலம் வாங்கித் தேசியக் கல்லறைத் தோட்டங்கள் அமைக்கும் அதிகாரத்தை அதிபர் லிங்கனுக்கு வழங்கியது. அந்த ஆண்டுக்குள்ளேயே 14 தோட்டங்கள் உருவாயின. 1864இல் உருவான ஆர்லிங்டன், எதிர்த்தரப்புத் தளபதி ராபர்ட் லீயின் குடும்பம் வாழ்ந்த பண்ணை நிலம். ஐரோப்பாவில், 1871இல் பிரான்ஸும் ஜெர்மனியும் செய்துகொண்ட பிராங்பர்ட் உடன்படிக்கையில், தத்தம் மண்ணில் உள்ள படைவீரர் கல்லறைகளைப் பேணுவதாக இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன.

இன்று நாம் காணும் முறைக்கு அடித்தளம் போட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஃபேபியன் வேர் (Fabian Ware) என்ற ஆங்கிலேயரைச் சொல்லலாம். 1914இல் அவருக்கு வயது 45. படையில் சேரும் வயதைக் கடந்துவிட்டதால், செஞ்சிலுவைச் சங்கத்தின் நடமாடும் ஆம்புலன்ஸ் பிரிவுக்குப் பொறுப்பேற்றுப் பிரான்ஸுக்குப் போனார். அங்கே, புதைத்த இடங்களை எவரும் முறையாகக் குறித்துவைக்கவில்லை என்பதைக் கண்டார். மரச்சிலுவையில் பென்சிலால் எழுதிய பெயர் சில மழைக்குத் தாங்காது. அவருடைய பிரிவு கல்லறைகளைத் தேடித் தேடிப் பதிய ஆரம்பித்தது. படைத்தலைமை அந்தப் பணியை 1915இல் ஏற்றுக்கொண்டது. 1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் தனி ஆணையமே பிறந்தது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரை, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 23,000 இடங்களில் அது நினைவுகூர்கிறது. கவனியுங்கள்: கல்லில் தொடங்கவில்லை அந்த மனிதர், குறிப்பேட்டில் தொடங்கினார்.

பின்னாளில் இது பன்னாட்டுச் சட்டமாகவும் ஆனது. 1949ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா ஒப்பந்தம், இறந்தவர் எதிரியானாலும் அவரைக் கண்ணியமாக, இயன்றவரை தனித்தனியாக, முடிந்தால் அவரவர் சமயச் சடங்குப்படி அடக்கம் செய்யச் சொல்கிறது. கல்லறைகளைப் பின்னால் எப்போது தேடினாலும் கண்டுபிடிக்கும்படி அடையாளமிட வேண்டும். போர் தொடங்கும்போதே ஒவ்வொரு தரப்பும் கல்லறைப் பதிவுப் பிரிவு ஒன்றை அமைத்துவிட வேண்டும்.

ஒருவர் யார் என்று எப்படித் தெரியும்?

கழுத்தில் தொங்கும் அடையாள வில்லைதான் பதிவேட்டின் முதல் வரி. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வீரர்களிடம் ஒரு வில்லைதான் இருந்தது. இறப்பைப் பதிவு செய்ய அதைக் கழற்றி எடுத்துவிட்டால், பிறகு அந்த உடல் யாருடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. 1916இல்தான் இரண்டு வில்லைகள் வந்தன. சிவப்பு வட்டத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வார்கள். பச்சை எண்கோணம் உடலோடு இருக்கும். எண்ணிப் பாருங்கள், இரண்டாவது வில்லை இல்லாததால் எத்தனை பேர் பெயரிழந்தார்கள்! அந்த வில்லைகளும் அழுத்திய நார்ப்பொருளால் ஆனவை. ஈர மண்ணில் மட்கிவிடும்.

போர் முடிந்ததும் அடுத்த வேலை, வயல்களிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒன்றுசேர்ப்பது. 1921க்குள் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உடல்களை எடுத்துப் புதிய தோட்டங்களில் அடக்கம் செய்தார்கள். பட்டை, பொத்தான், கரண்டியில் கீறிய எண் என்று எது கிடைத்தாலும் அதை வைத்து ஆளை அடையாளம் காண முயன்றார்கள். உடலுக்கு உடல் படிவம் நிரப்பி, பழைய இடத்தையும் புதிய இடத்தையும் எழுதிவைத்தார்கள். அந்தப் படிவங்கள் இன்றும் காப்பகங்களில் இருக்கின்றன; இன்று ஓர் உடல் கிடைத்தாலும் ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

எல்லோருக்கும் ஒரே கல்

அடுத்து வந்தது கடினமான கேள்வி. வசதி படைத்த குடும்பங்கள் தம் பிள்ளையின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர விரும்பின. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் 1915இல் பிரான்ஸில் கொல்லப்பட்டபோது உடல் அப்படித்தான் ஊருக்கு வந்தது. பணமும் செல்வாக்கும் உள்ளவன் வீடு திரும்புவான், சுரங்கத் தொழிலாளியின் மகன் அங்கேயே கிடப்பான் என்ற நிலை வந்துவிடக் கூடாது என்பதில் ஃபேபியன் வேர் உறுதியாக இருந்தார். உடல்களைத் தோண்டியெடுத்துக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. தளபதியும் சிப்பாயும் ஒரே வரிசையில், ஒரே அளவுக் கல்லின் கீழ், விழுந்த மண்ணிலேயே உறங்குவார்கள் என்று முடிவானது.

அந்தக் கல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 38, தடிமன் ஏழரைக்குச் சற்றுக் கூடுதல். மழைநீர் வழிந்தோடும்படி மேல் விளிம்பு லேசாக வளைந்திருக்கும். உச்சியில் படைப்பிரிவின் சின்னம். அதன் கீழே எண், பதவி, பெயர், இறந்த தேதி, தெரிந்தால் வயது. நடுவில் அவரவர் சமயக் குறி. அடியில், குடும்பம் விரும்பினால் ஒரு வரி. அந்த வரி 66 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஓர் எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் வீதம் கட்டணமும் கேட்டார்கள். எல்லோரும் சமம் என்ற அடித்தளத்தில் எழுந்த அமைப்பு, மகனைப் பறிகொடுத்த ஏழைத் தாயை எழுத்தெண்ணிக் காசு கட்டச் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிறகு அந்தக் கட்டணத்தை விருப்பம்போல் செலுத்தலாம் என்று மாற்றினார்கள். நியூசிலாந்து, சமத்துவத்தைக் காரணம் காட்டி, அந்த வரியே வேண்டாம் என்றுவிட்டது.

இந்தச் சமத்துவத்தை எல்லோரும் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. போரில் மூன்று மகன்களை இழந்த ஃபுளோரன்ஸ் செசில் அம்மையார், ஒவ்வொரு கல்லறையிலும் சிலுவையே நட வேண்டும் என்று 8,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் மனு கொடுத்தார். அவர் கேட்டதில் என்ன தவறு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தக்கூடிய, எழுத இடமுள்ள, நெடுநாள் தாங்கும் வடிவம் நிற்கும் பலகைக்கல்தான். 1920 மே 4 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்துக்குப் பிறகு ஆணையத்தின் முறையே நிலைத்தது. ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சொந்தப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கும் அதே கல்தான் கிடைத்தது. அவர்களில் 306 பேருக்கு அரசு மன்னிப்பு அளித்ததோ 2006இல். கல் பல பத்தாண்டுகள் முந்திக்கொண்டது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. முடிவைக் குடும்பத்திடமே விட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு சுமார் 46,000 உடல்கள் கப்பலேறின. ஏறக்குறைய 30,000 பேர் ஐரோப்பாவிலேயே தங்கினார்கள். வெளிநாட்டுக் கல்லறைகளைக் கவனிக்க 1923இல் தனி ஆணையம் அமைந்தது. அதன் முதல் தலைவர் தளபதி பெர்ஷிங். நார்மண்டியில் கடலைப் பார்த்து நிற்கும் 9,000க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குச் சிலுவைகளும், யூதர்களுக்கான தாவீது நட்சத்திரங்களும் அந்த ஆணையத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

உள்நாட்டில் அமெரிக்கத் தோட்டங்களின் இயல்பே வேறு. போரில் இறந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், ஓய்வுபெற்று மூப்பில் இறக்கும் முன்னாள் படையினருக்கும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைக்கும் அங்கே இடமுண்டு. முன்னாள் படையினர் நலத் துறை 150க்கும் மேற்பட்ட தோட்டங்களை நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அடக்கங்கள். ஆர்லிங்டன் இன்றும் தரைப்படையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். அங்கே தீராத தலைவலி, இடம். நிலத்தை விரிவாக்குகிறார்கள், தகுதி விதிகளை இறுக்குவது பற்றிப் பேசுகிறார்கள். காமன்வெல்த் ஆணையத்துக்கு இந்தக் கவலை குறைவு. முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31, இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களோடு அதன் கணக்கு முடிந்துவிட்டது.

என்றென்றும் என்றால் என்ன?

பிரான்ஸ் 1915 டிசம்பரிலேயே ஒரு சட்டம் இயற்றி, நேச நாட்டு வீரர்களின் கல்லறை நிலத்தை நிரந்தரமாக வழங்கிவிட்டது. நிலம் கிடைத்தாயிற்று, என்றென்றும் பராமரிக்க ஆள் வேண்டாமா, பணம் வேண்டாமா? காமன்வெல்த் ஆணையத்தில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு நாடுகள் தத்தம் கல்லறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. முக்கால் பங்குக்கும் மேல் பிரிட்டனுடையது.

அன்றாட வேலையில் பெரும்பகுதி தோட்டவேலை. கல்லின் அடியில் குட்டையான செடிகளும் ரோஜாவும் இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. வெற்று மண்ணில் மழை விழுந்தால் சேறு தெறித்துக் கல்லின் கடைசி வரியை மறைத்துவிடும். செடி அதைத் தடுக்கிறது. நூறு கற்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பதற்கும் காரணம் உண்டு. பல தோட்டங்களில் மண்ணுக்கடியில் நீளமான கான்கிரீட் விட்டம் ஓடுகிறது. அதில் உள்ள பள்ளங்களில் கற்களைப் பொருத்தியிருக்கிறார்கள். கல்லைச் சுத்தம் செய்ய நீரும் மென்மையான தூரிகையும் போதும். வெண்மையாக்கும் என்று சலவைத்தூள் கரைசலை ஊற்றினால் உப்பு கல்லுக்குள் இறங்கி நாளடைவில் மேற்பரப்பே உதிரும். அன்பாகப் பார்த்துப் பார்த்துக் கழுவியே கல்லைக் கெடுத்துவிடலாம் என்பதால், கல்லைத் தாங்களாகக் கழுவ வேண்டாம் என்று பார்வையாளர்களிடம் நிர்வாகம் கேட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

மழையும் வெயிலும் கடுமையான ஆசிய நாடுகளில் உயரமான கல்லுக்குப் பதிலாகத் தாழ்வான பீடத்தில் வெண்கலத் தகடு பதிப்பார்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காதே என்ற கேள்வி எழலாம். நாகாலாந்தின் கொகிமாவில் 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களைத் தாங்கி ஒரு தகன நினைவுச்சின்னம் நிற்கிறது.

உடல் கிடைக்காதவர்கள்

உடலே கிடைக்காதவர்களுக்குப் பெயர்ச் சுவர். பிரான்ஸின் தியேப்வாலில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் உள்ள மெனின் வாயிலில் 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அங்கே 1928 முதல், ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, தினமும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி ஊதுகொம்பு இசைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். பிரான்ஸின் நவ் ஷப்பலில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் உள்ளன.

காணாமல் போனவர் கிடைத்துவிட்டால்? காமன்வெல்த் ஆணையம் அவருக்குப் பெயரோடு கல்லறை அமைத்து, சுவரைப் புதுப்பிக்கும்போது அங்கிருந்து பெயரை எடுத்துவிடும். அமெரிக்கர்கள் பெயரை விட்டுவைத்து, பக்கத்தில் ஒரு சிறு வெண்கலப் பூவைப் பதிப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பூ. இத்தனை ஆண்டுகள் தேடினார்கள், கிடைத்துவிட்டார் என்ற வரலாறு அதில் மறையாமல் நிற்கிறது. இப்படிக் கிடைப்பது இன்றும் நடக்கிறது. 1916இல் பிரான்ஸின் பிரோமெல் போரில் இறந்து புதைகுழியில் கிடந்த 250 பேரை 2010இல் ஒரு புதிய தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். உறவினர்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பலருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

பெயர் தெரியாத ஒருவரை எல்லோருக்கும் பிரதிநிதியாக அடக்கம் செய்யும் மரபு 1920 நவம்பர் 11 அன்று லண்டனிலும் பாரிஸிலும் தொடங்கியது. மறு ஆண்டு ஆர்லிங்டனிலும் அப்படியொரு கல்லறை அமைந்தது. 1937 முதல் அங்கே இரவும் பகலும் காவல் நிற்கிறார்கள்: 21 காலடி நடை, 21 விநாடி நிற்றல், மீண்டும் நடை. அங்கே 1984இல் வியட்நாம் போரின் பெயர் தெரியாத வீரர் என்று ஒருவரை அடக்கம் செய்தார்கள். 1998இல் மரபணுச் சோதனை அவர் விமானி மைக்கேல் பிளாசி என்று காட்டியது. குடும்பம் அவரைச் சொந்த ஊருக்கு அழைத்துச் சென்றது. அந்தக் குழியை இன்னொருவரைக் கொண்டு நிரப்பாமல் வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். மரியாதை தெரிந்தவர்களின் முடிவு அது.

பதிவேடு பிசகும்போது

காவல் நடையில் ஒரு விநாடி தப்பாத அதே ஆர்லிங்டனில், 2010இல் படைத்துறைத் தணிக்கை ஒரு பெரும் குழப்பத்தை வெளிக்கொண்டு வந்தது. கல்லறைகள் சில வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இருந்தவற்றில் சிலவற்றுக்குக் கல் இல்லை. ஆள் மாறிய இடங்களும் இருந்தன. பதிவுகள் காகித அட்டைகளில் கிடந்தன. கணினிமயமாக்கப் பல ஆண்டுகள் செய்த செலவு பயன் தரவில்லை. பொறுப்பாளர்கள் பதவி இழந்தார்கள். 2011 கோடையில் படைவீரர்கள் கைபேசியுடன் இறங்கி, 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களையும் அஸ்தி வைக்கும் மாடங்களையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். இன்று அந்தத் தோட்டத்தில் எந்தப் பெயரையும் வரைபடத்தில் தேடிக் கல்லின் படத்தோடு பார்க்க முடிகிறது. அணிவகுப்பும் பீரங்கி முழக்கமும் குறையில்லாமல் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் பிசகு வளர்ந்தது என்பது நிர்வாகிகள் மறக்கக் கூடாத செய்தி.

இதைவிட வலிக்கும் கதை, பட்டியலில் ஏறாமலே போனவர்களுடையது. காமன்வெல்த் ஆணையம் தானே அமைத்த குழு 2021இல் அறிக்கை தந்தது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய, மத்தியக் கிழக்கு மக்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்கு இணையாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லாமல் இருக்கலாம். சுமை தூக்கிய தொழிலாளர்களும் காலனிப் படையினரும்தான் அவர்களில் மிகுதி. எல்லோருக்கும் ஒரே கல் என்று முழங்கிய அதே ஆண்டுகளில், ஐரோப்பாவுக்கு வெளியே அந்த விதி காற்றில் பறந்தது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் கேப்டவுனில், 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர் படையினரின் பெயர்கள் நூறாண்டு தாமதமாக ஒரு நினைவிடத்தில் ஏறின.

இரண்டாம் உலகப் போரில், தாய்லாந்து - பர்மா ரயில் பாதை இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. ஜப்பானியர் கட்டாய வேலை வாங்கிய நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். முகாம்களில் அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து இறந்தவர்களின் பட்டியலை ரகசியமாக எழுதி ஒளித்துவைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு முன்னாள் கைதிகளே தேடிப் போய், காட்டுக்குள் 144 இடங்களில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். தேடியும் கிடைக்காதவை 52 மட்டுமே. இன்று காஞ்சனபுரியிலும் சுங்கையிலும் தன்பியூசயாட்டிலும் அவர்கள் பெயரோடு இருக்கிறார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு இறந்தார்கள். அவர்கள் எந்தப் படையிலும் இல்லை. அவர்களுக்குப் பட்டியல் எழுத அதிகாரியும் இல்லை. எனவே கல்லறை வரிசையும் இல்லை. படைவீரர் கல்லறைத் தோட்டம் என்ற கருத்தின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை அந்த மண்ணில் கண்ணாலேயே பார்க்கலாம். போரில் மடிந்தவர் என்று யாரைக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வியை அந்தக் கோட்டுக்கு வெளியேயும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் இந்தப் போர்களில் போய்த் திரும்பாதவர் இருந்தால் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. காமன்வெல்த் ஆணையத்தின் பதிவேட்டைக் கட்டணமின்றி இணையத்தில் தேடலாம். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும். அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே நான்கைந்து வடிவங்களில் தேடுங்கள். படைப்பிரிவின் பெயரோ எண்ணோ தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர், தந்தை பெயர் முதலிய விவரங்கள் சில பதிவுகளில் கூடுதலாக இருக்கும். பெயரோ தேதியோ தவறாக இருந்தால், விடுபட்டே போயிருந்தால், பழைய படைச்சேவைச் சான்று, ஓய்வூதியத் தாள், இறப்பு அறிவிப்பு போன்ற அக்கால ஆவணத்தின் படியை வைத்து ஆணையத்துக்கு எழுதலாம். சான்று போதுமானதாக இருந்தால் பதிவைத் திருத்துகிறார்கள். விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் செய்கிறார்கள்.